பதிமூன்றாவது தகடு

மணல் வெட்கம் கெட்ட விருந்தாளி. வா என்று யாரும் சொல்லாமலே வந்து உட்காரும், போ என்றால் போகாது. ஒன்பது வருஷமாக அந்தச் சின்ன ரயில் பாதையின் மேல் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

கலங்கரை விளக்கத்திலிருந்து படகுத்துறை வரைக்கும் கடலை ஒட்டி மூன்று மைல் ஓடிய ரயில் அது. பெட்டிகளுக்குச் சுவர் கிடையாது, பெஞ்சும் கூரையும்தான். ஊர் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை நடுப்பகலில் வளைவில் கவிழ்ந்தது. சுற்றுலா வந்த டீச்சர் ஒருத்தி செத்துப்போனாள். அன்றோடு பாதையை மூடினார்கள்.

இப்போது மறுபடி ஓட்டப்போகிறார்கள். மணலைத் தோண்டிப் பாதையை வெளியே எடுக்கும் வேலை சம்மட்டிக்கு வந்தது. ஆள் தீக்குச்சி, பேர்தான் சம்மட்டி. பழைய பாதை ஆட்களில் மண்வெட்டி பிடிக்கத் தெம்போடு மிச்சமிருந்தது அவர் ஒருத்தர்தான். அந்தத் தெம்பும் மத்தியானத்தோடு முடிந்துவிடும்.

கொட்டகையில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெயிண்டர், அவர் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் வாயைக் கிளறுவான்.

"என்னண்ணே, இன்னிக்கு எத்தன மொழம்? இந்த வேகத்துல போனா நான் பூசுன பெயிண்ட் உரிஞ்சு போயிடும், நீங்க பாதைய முடிக்கிறதுக்குள்ள."

"நீ பூசறதுல பாதி உன் சட்டைக்கில்ல போகுது? மொதல்ல பெட்டிக்குப் பூசு. பெறகு என்னப் பாரு."

பெயிண்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நிலையத்துக் கூடத்தில் பழைய ஊழியர்களின் படங்களைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். பதினொரு படம். டிக்கெட் கொடுத்தவர், கொடி காட்டியவர், ஸ்டோர்காரர், ஏன், சம்மட்டியே கூட மீசையோடு இருந்தார். ரயிலை ஓட்டியவர் மட்டும் இல்லை.

ஓட்டியவர் சம்மட்டியின் அக்கா வீட்டுக்காரர். அவர் படத்தை அக்கா துணியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். "ரயில் ஓடட்டும், ஓடாமப் போகட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. அவரு படம் அந்தச் சுவத்துல இருக்கணும். அது போதும்டா எனக்கு."

ரயிலை மீட்டெடுக்கும் பொறுப்பு ஒரு பெண்மணியிடம் இருந்தது. மேலாளரம்மா என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல மனுஷி. படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கும் கஷ்டமாத்தாங்க இருக்கு. ஆனா விசாரணையில வேகமா ஓட்டினார்னு எழுதியிருக்கு. அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கார். அந்த டீச்சரோட வீட்டுக்காரரும் மகளும் திறப்பு நாளுக்கு வர்றாங்க. அவங்க கண் முன்னாடி இந்தப் படத்த எப்படி மாட்டுவேன், நீங்களே சொல்லுங்க?"

சம்மட்டி படத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டார்.

மாமா வேகக்காரர் என்பதை நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். அவர் சைக்கிள் மிதித்தால் நடந்து போகிறவன் முந்திப் போவான். நாய் குரைக்கக்கூட சோம்பல்படும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஊர் வைத்த பேர் வேகக்காரன். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? கடைக்குப் போனால் "மெதுவா போங்க சாமி" என்பார்கள். அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தால், "வேகக்காரர் வீட்டம்மாவுக்கு வழி விடுங்கடி" என்று ஒரு குரல் வரும்.

விசாரணையின்போது மாமா இரண்டு நாள் ஒரே பேச்சாக நின்றார். வளைவில் மெதுவாகத்தான் போனேன் என்றார். யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் உள்ளே போகும் முன் வராந்தாவில் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது சம்மட்டிதான்.

"ஒத்துக்கிட்டுப் போயிடுங்க மாமா. கொஞ்சம் வேகமாத்தான் வந்துட்டேன்னு சொல்லுங்க. வேலையோட விட்டுருவாங்க. இப்படியே இழுத்தா அக்கா தாங்கமாட்டா."

"நான் வேகமா போனேனா மாப்ளே?"

"போகலன்னு எதவச்சுக் காட்டுவீங்க?"

மாமா உள்ளே போய் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். சைக்கிளைக்கூடத் தொடவில்லை, எங்கே போனாலும் நடைதான். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, போர்வையைச் சரிசெய்ய வந்த நர்ஸைக் கூடக் கேட்டாராம், "நான் வேகமா போனேனாம்மா?" என்று. பொய்யை ஒரு தடவை சொன்னவருக்கு அதுவே நிஜமாகிப்போனதா, இல்லை கடைசிவரை ஆகவில்லையா, அக்காவுக்கே தெரியவில்லை.

*

வளைவைத் தோண்ட ஆரம்பித்த நாலாவது நாள் காலையில் சம்மட்டி அந்த மூட்டுக்கு வந்தார்.

இரண்டு தண்டவாளம் சேரும் இடம்தான் மூட்டு. வெயிலில் இரும்பு நீளும், நீள இடம் வேண்டும். அதனால் தண்டவாளம் போடும்போது நடுவே அரை விரல் அகலம் இடைவெளி விடுவார்கள். கண்ணளவு சரிப்படாது. ஒரு இரும்புத் தகட்டைச் சொருகி, தண்டவாளத்தை அதில் இடித்து நிறுத்தி, இரண்டு பக்கமும் பிஷ்பிளேட் என்கிற பட்டையை வைத்து போல்ட்டை முறுக்கி, கடைசியில் தகட்டை உருவிவிட வேண்டும். உருவுவதற்கென்றே மேலே காது மாதிரி ஒரு மடிப்பு இருக்கும்.

அந்த மூட்டில் இடைவெளி தெரியவில்லை. துரு பிடித்து அடைத்திருக்கும் என்று நினைத்தார். எண்ணெய் விட்டு, ஊற வைத்து, நாலு போல்ட்டையும் கழற்றி, பிஷ்பிளேட்டை நெம்பினார். பட்டை விழுந்தது.

இடைவெளி இருந்தது. அதற்குள் தகடும் இருந்தது. காதைச் சக்கரங்கள் எப்போதோ தின்றுவிட்டிருந்தன. உடம்பு மட்டும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே நசுங்கி, பல்லுக்கிடையில் மாட்டிய எலும்பு மாதிரி நின்றது. அங்கிருந்து இருபதடி தள்ளி, அன்றைக்கு ரயில் கவிழ்ந்த இடத்தில், தண்டவாளம் கடல் பக்கமாக வில்லாக வளைந்து கிடந்தது. ரயில் கவிழ்ந்ததில் வளைந்தது என்றுதான் விசாரணையில் எழுதியிருந்தார்கள்.

உளியால் தட்டி எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். ஓரத்தில் அரத்தால் போட்ட மூன்று வெட்டு. ஒவ்வொரு ஆளும் தன் தகட்டுக்கு ஓர் அடையாளம் வைப்பான். மூன்று வெட்டு சம்மட்டியுடையது.

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வளைவைப் புதிதாகப் போட்டது ரயில் கவிழ்வதற்கு முந்தின குளிர்காலத்தில். ஆறு பேர் சேர்ந்து செய்த வேலை. காலையில் ஸ்டோர்காரர் ஆளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு தகடு எண்ணிக் கொடுப்பார், சாயங்காலம் பன்னிரண்டு எண்ணி வாங்குவார். ஒன்று குறைந்தாலும் ஆறு பேரும் திரும்பிப் போய் அத்தனை மூட்டையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அது சட்டம். அன்றைக்கு எல்லாருடையதையும் சேர்த்துப் போட்ட பையில் சம்மட்டி கைவிட்டபோது பதினொன்றுதான் இருந்தது. குறைந்தது அவருடையதில் ஒன்று. மற்ற ஐந்து பேரும் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கு முதுகு பிடித்திருந்தது, ஒருத்தனுக்கு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். 'எங்கயாவது மணல்ல விழுந்திருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பட்டறைக்குப் பின்னால் போய், அதே கனத்து இரும்பில் ஒரு துண்டு வெட்டி, காது மடித்து, மூன்று வெட்டும் போட்டார். கால்மணி நேரம். ஸ்டோர்காரர் எண்ணினார். பன்னிரண்டு.

அடுத்த வாரம் மாமா டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவர் தோளில் தட்டினார். "பழைய மூட்டுல எல்லாம் டக்கு டக்குன்னு இடிக்கும். இந்தப் பய வளைவுல ஒரு மூட்டு சத்தமே இல்ல மாப்ளே, வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. என்னடா வித்தை பண்ணுன?"

சம்மட்டி சிரித்தார். பாராட்டு யாருக்குக் கசக்கும்? சத்தம் வராத மூட்டு, மூச்சு விட இடமில்லாத மூட்டு. முப்பது வருஷம் தண்டவாளத்தோடு கிடந்தவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் டீயைக் குடித்தார். அந்தக் கோடையில் கவிழ்ந்தபோதும், 'மணல்ல விழுந்ததுதானே' என்று ஒரு குரல் அவருக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருஷம் அந்தக் குரலுக்குச் சோறு போட்டு வளர்த்தார்.

எழுந்து கொட்டகைக்கு நடந்தார். ஸ்டோர்காரர் செத்து ரொம்ப நாளாகிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் தகட்டுப் பெட்டி அப்படியே இருந்தது. தரையில் கொட்டி எண்ணினார். பன்னிரண்டு. கையில் ஒன்று.

"என்னண்ணே, தாயம் ஆடப்போறீங்களா?" என்றான் பெயிண்டர்.

அவர் பதிமூன்றையும் துண்டில் முடிந்துகொண்டார்.

*

அக்கா ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் வேலை பார்த்தாள். தாழ்ந்த கூரை, ஒரு ஜன்னல், சுவரெல்லாம் ஆவி. ரெட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தராக மடிக்க முடியாது. தம்பி எப்போது வந்தாலும் ஒரு முனையை அவன் கையில் திணித்துவிடுவாள்.

"வந்தது வந்த, பிடி. படம் மாட்டிட்டாங்களா?"

பிடித்தார். இழுத்து நேராக்கினார்கள். ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து, முனையோடு முனை சேர்த்தார்கள். மறுபடி பின்னால் போனார்கள். மூன்றாவது விரிப்பில் அவர் சொன்னார். தகட்டைச் சொன்னார், எண்ணிக்கையைச் சொன்னார், வெட்டி மடித்ததைச் சொன்னார். டீக்கடையையும் சொன்னார். குரல் நடுங்கவில்லை, அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

அக்கா விரிப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"அப்போ அவரு வேகமா போகல."

"போகலக்கா."

"வராந்தாவுல, ஒத்துக்கோங்கன்னு சொன்னது நீதான?"

"நான்தான்."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. "சந்தேகம் இருந்துச்சு. இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

அக்கா நடந்து வந்தாள். அவர் கையிலிருந்த இரண்டு முனைகளையும் வாங்கிக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தார், அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவள் அடுத்த விரிப்பை எடுத்துத் தரையில் பரப்பி, முட்டி போட்டு, தனியாக மடிக்க ஆரம்பித்தாள். நாலு மூலையும் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"அக்கா..."

"என்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போகுது? அவரு கேட்டுக்கிட்டே செத்தாரு. போ. எழுதி வச்சவங்ககிட்ட போய்ச் சொல்லு."

*

மேலாளரம்மாவின் மேஜையில் சம்மட்டி பதிமூன்று தகட்டையும் வரிசையாக வைத்து, அக்காவிடம் சொன்னதையெல்லாம் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இத நான் மேல எழுதித்தான் ஆகணும். பாதுகாப்பு அதிகாரி வந்து எல்லா மூட்டையும் பிரிச்சுப் பாப்பாரு. திறப்பு தள்ளிப்போகும். இந்தப் பாதையில உங்களுக்கு இனிமே வேலை இருக்காது. கேஸும் வரலாம். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஒம்பது வருஷம் யோசிச்சாச்சும்மா. எழுதுங்க."

அவள் எழுதினாள். வாசித்துக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? வரவிருந்த ரயிலை வழிமறித்தவன் என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஒன்பது வருஷம் போனது, இப்போது இரண்டும் வீடு மாறி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். டீச்சரின் வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். சம்மட்டியின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து ரயில் ஓடியது.

கூடத்தில் பன்னிரண்டு படம் மாட்டியிருந்ததாகப் பெயிண்டர் வந்து சொன்னான். ஓட்டுநரின் படம் நடுவில். சம்மட்டியின் படத்தை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். அக்காதான், "இருக்கட்டும், ரெண்டும் ஒரே சுவத்துல இருக்கட்டும்" என்றாளாம். "அது மன்னிப்பாண்ணே, தண்டனையாண்ணே?" என்று கேட்டான். முதல் தடவையாக அவன் கேலி பேசவில்லை.

சம்மட்டி நிலையத்துக்குப் போகவில்லை. வளைவில், வேலிக்கு வெளியே நின்றார். நல்ல வெயில். அதே நடுப்பகல்.

ரயில் மெதுவாக வந்தது. முதல் பெட்டியின் முதல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். வேலிப் பக்கம் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கீழே எதையோ கேட்பதுபோல் இருந்தாள்.

எஞ்சின் சக்கரம் அந்த மூட்டில் ஏறியது. டக். அடுத்த சக்கரம். டக். வெண்ணெய் இல்லை, இடித்தது, நன்றாகவே இடித்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அந்த மூட்டு வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னது. அக்காவின் தோள் ஒவ்வொரு சத்தத்துக்கும் லேசாகக் குலுங்கியது. பெட்டி குலுக்கியதா, அழுதாளா, அவருக்குத் தெரியவில்லை.

கடைசிப் பெட்டியும் போனது. கும்பிடக் கையைத் தூக்கினார் சம்மட்டி. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல், சுட்டுக்கொண்டிருந்த வேலிக் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.