வோண்ட்ரா கடையின் இரவல் கார்

எங்கள் கார் விற்பனைக் கடையில் பழுதுபார்க்க வண்டியை விடுகிறவருக்கு, அது தயாராகும்வரை ஓட்டிக்கொள்ள ஓர் இரவல் கார் கொடுப்போம். கொடுக்கும் முன் அவருடைய இன்சூரன்ஸ் அட்டையைப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இரவல் கார் எங்காவது மோதினால் முதலில் பொறுப்பேற்பது ஓட்டியவரின் இன்சூரன்ஸ். அவருக்கு அது இல்லையென்றால், கடையின் இன்சூரன்ஸ் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகையோடு ஒதுங்கிக்கொள்ளும். மீதி, பார்க்காமல் சாவியைக் கொடுத்தவன் தலையில்.

என் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவரிடம் கார் வாங்கியவர்களின் பிள்ளைகளிடம் அட்டை கேட்கக் கூடாது. கேட்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். நெப்ராஸ்காவில், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களுக்குள் அப்படிச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் உட்கார முடியாது. கடையை மகன் டுவேனிடம் ஒப்படைத்த பிறகும் அந்த ஆட்களுக்குச் சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் எல்டன் ரூஸ்கா பிக்கப் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். கியர்பாக்ஸ் போய்விட்டது. அவன் அப்பா என் அப்பாவிடம் கார் வாங்கியவர்; அவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். டுவேன் சாப்பிடப் போயிருந்தான். கொக்கியிலிருந்து வெள்ளைக் காரின் சாவியை எடுத்து எல்டன் கையில் வைத்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் தானியக் கிடங்குச் சந்திப்பில் பனிக்கட்டியில் கார் வழுக்கி, டெல்மா கிராட்கியின் கார்மேல் ஏறியது. டெல்மா பள்ளிச் சமையல்காரி. இடுப்பும் ஒரு காலும் நொறுங்கி லிங்கன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி நடக்கமாட்டாள் என்றார்கள். எல்டனுக்கு உதட்டில் ஒரு கீறல்தான். அவனுடைய இன்சூரன்ஸ் அறுவடைக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஷெரீஃப் என்னிடம் வந்து, எல்டன் வாக்குமூலம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். யாரும் பார்க்காதபோது சாவியை அவனே கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டானாம். திருட்டுக் கார் என்றால் கடைக்குப் பொறுப்பில்லை. டெல்மாவுக்கும் எங்கள் பக்கமிருந்து ஒரு சல்லி கிடையாது. எல்டனுக்குச் சிறை.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. பொய் சொல்ல அவனுக்கு என்ன துணிச்சல் என்று கேட்டேன்.

"கையில இன்சூரன்ஸ் இல்லன்னு தெரிஞ்சேதான் சாவிக்குக் கைய நீட்டுனேன். நீ கேக்கமாட்டே. நான்தான் சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்து வாய் வரல."

"அதுக்கு? எங்கப்பன் கடைக்கு நீ பிச்சை போடுறியா?"

"வாங்கிக்கயேன்டா. இத்தன வருஷத்துல எனக்கு ஒரு டிஸ்கவுன்ட்டு குடுத்திருப்பியா நீ? பெரிய மனுசன்." சிரிக்கப் பார்த்தான். உதட்டுக் கீறல் இழுத்தது. "எனக்கு இந்த வயசுல ஜெயிலும் ஒண்ணுதான், இந்த வீடும் ஒண்ணுதான். உங்க கடையில பதினாறு பேரு வேல பாக்குறான்."

"டெல்மா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வோண்ட்ரா குடும்பம் இன்னொருவன் பொய்யில் வாழ்ந்ததில்லை. ஷெரீஃபிடம் போய், சாவியை என் கையால் கொடுத்தேன் என்றேன். சிநேகிதனைக் காப்பாற்ற நான் இப்படித்தான் சொல்வேன் என்று ஊருக்கே தெரியும், வீட்டுக்குப் போங்கள் என்றார் அவர். இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணையாளர் ஒமாஹாவிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். வந்தது ஓர் இளம் பெண். கடை அலுவலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். டுவேன் சுவரோரம் நின்றான்.

நடந்ததை முழுதும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு டுவேனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்லைங்க. போன மாசம் அடுப்ப அணைக்காமப் படுத்துட்டாரு. நடக்காதத நடந்ததாச் சொல்லுவாரு."

அடுப்பு உண்மை. ஒரே ஒரு தரம், காய்ச்சலில் கிடந்தபோது. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முன்னால் சாய்ந்தாள். குரல் சற்று உயர்ந்திருந்தது. சொற்களை இடைவெளி விட்டுச் சொன்னாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சின்னக் கேள்விதான். இன்னைக்கு என்ன தேதி? இது எந்த வருஷம்?"

தேதி எனக்குத் தெரியும். கிழமையும் தெரியும். அன்று காலைப் பன்றிச் சந்தையின் விலைகூடத் தெரியும். ஆனால் என் அப்பா கட்டிய கடையில், என் மகன் எதிரில், ஒரு வோண்ட்ராவின் சொல்லைத் தேதி கேட்டுச் சோதிக்கிறார்கள். பதில் சொன்னால் அந்தச் சோதனைக்கு நான் சம்மதித்தவன் ஆவேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன்.

அவள் காத்திருந்தாள். மறுபடி கேட்டாள், இன்னும் மெதுவாக. டுவேன் தலை குனிந்தபடி, "சொல்லுங்கப்பா," என்றான். அவன் குரலில் பயம் இருந்தது; நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம். பேனா ஓடும் சத்தம் கேட்டது. பரவாயில்லை சார் என்று என் புறங்கையை லேசாகத் தட்டிவிட்டு அவள் எழுந்தாள்.

வசந்தத்தில் எல்டனுக்குத் தண்டனை வந்தது. டெல்மாவின் தங்கை எங்களோடு பேசுவதில்லை. கடை நன்றாக நடக்கிறது. தேவாலயத்தில் எல்லோரும் என்னிடம் உரக்கப் பேசுகிறார்கள், பெயரைச் சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். என் கார் சாவி டுவேனிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து கூட்டிப்போகிறான். இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டைக் குறுக்கே இழுத்து, அவனே மாட்டிவிடுகிறான்.