கழற்ற முடியாத ஜிப்பா

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நடனசபாபதியின் மார்பெலும்பை நடுவே அறுத்து, இதயத்தைச் சரிசெய்து, எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதமாகியும் எலும்பு ஒட்டவில்லை. இருமினால் உள்ளே ‘களக்’ என்றது. திரும்ப வந்து கம்பியை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அதுவரை கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாதாம். நேற்று மீசை முளைத்த டாக்டரின் உத்தரவு!

சொந்த ஊர் மஞ்சக்குப்பத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. வழக்குக்காகப் பட்டணத்தில் தங்கியதாகச் சொல்லிவைத்திருந்தார். அப்பனுக்கு நெஞ்சைப் பிளந்தார்கள் என்று தெரிந்தால் மகள் மலர்க்கொடியை யார் கட்டுவார்கள்?

சிதம்பரத்து அரிசி மண்டிக்காரர் காசிநாதன் தம் மகனுக்குக் கேட்டிருந்தார். தாத்தா பெயருக்கு மேல் வம்சம் சொல்லத் தெரியாத ஆள். பையன் எஞ்சினீயர் என்பதால் நடனசபாபதி பொறுத்துக்கொண்டார். நடராஜர் கோவிலில் தட்டு மாற்றி, ஆவணியில் கல்யாணம் நடத்துவதாக ஏற்பாடு.

“பொத்தான் வச்ச சட்டையா போட்டுக்குங்க. சாமி முன்னால கனகசபை மேடை ஏறணும்னா ஆம்பளைங்க சட்டையக் கழட்டணும்,” என்றாள் மனைவி ஞானாம்பாள்.

“குமாஸ்தாவா நான்? நிச்சயத்துக்கு ஜிப்பாதான். நான் ஏறல, கீழேயே நின்னுக்கிறேன்.”

கோவிலிலோ காசிநாதன் விடவில்லை. “மேல வாங்க சம்பந்தி. சாமி முன்னால மாத்தினாத்தானே தட்டு?”

பின்வாங்கினால் பயமென்று நினைப்பான். வீட்டில் ஞானாம்பாள் கழற்றிவிடுவாள். இங்கே, இத்தனை பேர் எதிரில், பெண்டாட்டி கையாலா? நடனசபாபதி தாமே ஜிப்பாவைத் தூக்கினார். தோளைத் தாண்டியதும் ‘களக்’. தலை துணிக்குள் மாட்டிக்கொண்டது. கைகள் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

காசிநாதன்தான் மெல்ல உருவினார். தொண்டைக்குழியிலிருந்து வயிறுவரை ஓடியது தழும்பு.

“என்ன சம்பந்தி இது?”

“பாத்தா தெரியல? தையல்.”

“எலும்பு ஒட்டலியே. சத்தம் எனக்கே கேட்டுதே.”

“புடிக்கலன்னா தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க பொண்ணு நெஞ்சு முழுசாத்தான் இருக்கு.”

“பொண்ண யாரு குறை சொன்னா? இந்த நெஞ்ச வச்சிக்கிட்டுப் பந்தல்ல எப்படி நிப்பீங்க? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லுங்க, தட்டு மாத்தறேன். ஆவணி வேணாம்.”

மண்டிக்காரன் நிபந்தனை போடுகிறான்! அதுவும் சந்நிதியில்!

“மாசம் சொல்றது பொண்ணு வூட்டு உரிமை,” என்று உறுமினார் நடனசபாபதி.

“சொல்லுங்க.”



“தை மாசம்,” என்றார், ஆவணியைத் தாமே ஒதுக்கித் தள்ளியவர் போல. “அதுவரைக்கும் எனக்கு ஆஸ்பத்திரியில வேலை இருக்கு.”