முப்பது உறவினர்களும் நாற்பத்தோரு விநாடியும்

1

இந்தக் கதை அலுவலக அறிக்கையாகத்தான் தொடங்கியது. மருத்துவமனை முன்பதிவுத் தளம் திங்கட்கிழமை காலை ஏன் முடங்கியது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் மேலாளர். மாலைநேர எழுத்து வகுப்பில் ஒரு கதை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் நாளைதான் கெடு. ஒரே கோப்பைத் திறந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தரவுத்தளம் மூச்சுத் திணறி...’

(தரவுத்தளத்துக்கு மூச்சு கிடையாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: அன்றைய நோயாளிகளின் பட்டியல் திறக்க நாற்பத்தோரு விநாடி ஆனது. மருத்துவமனை வரவேற்பாளர் தொலைபேசியில் சொன்னார்: “வரிசை வாசலைத் தாண்டிப் போயிடுச்சுங்க. திரையில ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அதைப் பாத்து எனக்குத் தலை சுத்துது.”

இது இருக்கட்டும்.

3

எங்கள் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் எதைக் கேட்டாலும் “பூட்டியிருக்கு” என்பார். அதனால் பூட்டு அண்ணன். சென்ற மாதம் பெரிய சர்வர் கேட்டு வாங்கியதும் அவர்தான்.

“யானை மாதிரி மெஷின் வாங்கிக் குடுத்தாச்சு. இன்னும் ஏன் ஆமை மாதிரி போகுது?” என்றார் மேலாளர்.

“முன்னாடி அறுபது விநாடி மேடம். இப்ப நாப்பத்தொண்ணு.”

“இதை வரிசையில நிக்கறவங்ககிட்ட சொல்லவா?”

பூட்டு அண்ணனுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. என் அறிக்கையைப் பார்த்துத்தான் புதுப்பிப்பாராம் மேலாளர்.

(பாத்திரம் மிகவும் நல்லவராக வருகிறது. நம்பும்படி ஒரு குறை: என் ஸ்டேப்ளரை அவர் திருப்பித் தரவில்லை.)

4

உண்மைக் காரணம்... (இந்தப் பகுதியை மூன்று முறை தள்ளிப்போட்டேன்.)

அந்தப் பட்டியல் பக்கத்தை எழுதியது நான். அது முதலில் அன்றைய நோயாளி எண்களை வாங்கும். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போய், ‘இவர் பெயர் என்ன?’ என்று கேட்கும். அந்த எண்ணுக்கு நான் இண்டெக்ஸ்* போடவில்லை.

* எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று சொல்லும் அட்டவணை. அது இல்லையென்றால் ஒவ்வொரு பெயருக்கும் முதல் கோப்பிலிருந்து தேட வேண்டும். கோப்புகள் மூன்று லட்சம். மனிதர் என்றால் இரண்டாம் பெயரிலேயே வேலையை விட்டிருப்பார். பெரிய சர்வர் கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

சோதித்தேனா? சோதித்தேன். முப்பது நோயாளிகளைப் பதிந்தேன். பெரியப்பா, சித்தி, இரண்டு மாமாக்கள் என்று எல்லோரும் சொந்தக்காரர்கள். வேறு பெயர் தோன்றவில்லை. கண் சிமிட்டுவதற்குள் பக்கம் திறந்தது. முப்பத்தோராவது ஆள் நோயோடு வருவார் என்று நான் யோசிக்கவே இல்லை.

5

நேற்று மதியம் பூட்டு அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, உன் பக்கம் ஒரே கேள்வியை எண்ணூறு தடவ கேக்குது. சர்வர் பதிவுல பாத்தேன்.”

“மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“அறிக்கை நீதானம்மா எழுதுற?”

நான் அறிக்கைக் கோப்பை மூடினேன்.

“இன்னொண்ணு. ஒண்ணாம் நம்பர் நோயாளி பேரே ‘பெரியப்பா’ன்னு இருக்கே, உங்க பெரியப்பாவா? சோதனைக்குப் போட்டவரை நீ எடுக்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் அவரை நலம் விசாரிச்சுட்டுத்தான் அடுத்த ஆளுக்கே போகுது.”

ஸ்டேப்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை இண்டெக்ஸ் போட்டேன். பெயர்களை ஒரே கேள்வியில் கேட்க வைத்தேன். பெரியப்பாவையும் மற்ற சொந்தக்காரர்களையும் நீக்கினேன். பக்கம் அரை விநாடியில் திறந்தது. மேலாளர் சிரித்தார்: “பாத்தியா, அதட்டினாத்தான் பூட்டு வேலை செய்யுது.”

பிழையும் என்னுடையது, சரிசெய்ததும் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

6

முடிவு அ: ‘சர்வரைச் சரியாகப் பராமரிக்கவில்லை’ என்று ஒரே வரி. மறுக்கத் தெரிந்த ஒரே ஆள் மாதக் கடைசியில் போய்விடுவார்.

முடிவு ஆ: நாயகி எல்லோர் முன்னும் எழுந்து நின்று, நடுங்காத குரலில்...

(இவள் நானில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இ: இந்தக் கோப்பையே அறிக்கையாக அனுப்புவது.

ஒரு முகவரிக்குத்தான் இதை அனுப்பப் போகிறேன். வகுப்புக்குப் போனால் மேலாளருக்கு முடிவு அ போகும். பூட்டு அண்ணன் கற்பனைப் பாத்திரம் ஆகிவிடுவார். அவருக்கு ஒன்றும் ஆகாது. (ஆகும்.)

ஆகவே, நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் முடிவு உங்களுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் படிக்கிறீர்கள் என்றால், மேடம், மூன்றாம் பகுதியில் ஸ்டேப்ளர் பற்றிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அதை அவர் திருப்பித் தந்துவிட்டார்.