எண்ணாமல் எழுதிய எண்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே அந்தத் தர்ம ஆஸ்பத்திரியின் வராந்தா நிரம்பிவிடும். மூட்டுவலிக்காரர்களுக்கான நாள் அது. பெஞ்சிலிருந்து எழச் சுவரைப் பிடிப்பவர்கள், விரல் மடங்காமல் சீட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் என்று முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். உள்ளே ரத்தப் பரிசோதனை அறையில் பலராமன் மரத்தாங்கியில் கண்ணாடிக் குழாய்களைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டிருப்பான். ஒரு மணி நேரத்தில் ரத்தத்தின் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதிகம் இறங்கினால் உடம்புக்குள் வீக்கம் அதிகம் என்று அர்த்தம்.

எழுபத்தொன்பதாம் வருஷக் கடைசியில் கமலவேணி அங்கே முதல் முறையாக வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. அறுந்த நூலை எடுத்துச் சட்டென்று முடிச்சுப் போட வேண்டிய விரல்கள் காலையில் மடங்கவே மடங்காது. முழங்கால் வேறு வீங்கியிருந்தது. ஆறு வயது மகள் சின்னப்பாப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. பலராமன் அவள் கையில் ரத்தம் எடுத்தான். ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைப் பார்த்தவன், தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. இருபதுக்குள் இருக்க வேண்டியது.

டாக்டர் சுப்பிரமணியன் தங்க ஊசி போடுவதென்று முடிவு செய்தார். "தங்கத்துலயா ஊசி?" என்று கமலவேணி சிரித்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

"ஊசி இரும்புதான், மருந்துலதான் தங்கம் இருக்கு" என்றார் டாக்டர். "மூணு மாசம் பொறுத்தாத்தான் குணம் தெரியும். ஆனா ஒண்ணு. சில பேருக்கு இது ரத்தம் ஊறுற எடத்தையே கெடுத்துடும். அதனால ஒவ்வொரு வாரமும் ரத்தத்துல வெள்ளணு எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் ஊசி. கொறைஞ்சா அன்னைக்கே நிறுத்திடணும்." பிறகு பலராமனைத் திரும்பிப் பார்த்தார். "உன் கையெழுத்தை நம்பித்தான் நான் ஊசியை எடுப்பேன்."

பலராமன் தலையாட்டினான். பதினோரு வருஷமாக அதே அறையில் வேலை பார்க்கிறவன். மைக்ராஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ணி எண்ணி இடது கண் சுருங்கியே போயிருந்தது.

நாலாவது மாதத்தில் கமலவேணியின் கை திறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, இதப் பாரேன், நானே பின்னி வுட்டேன்" என்று குழந்தையின் ரெட்டைச் சடையைக் காட்டினாள். சடை கொஞ்சம் கோணல்தான். ஆனால் அன்றைக்குக் குழாயில் சிவப்பு முப்பத்து நாலில் நின்றுவிட்டது. பலராமன் அந்த எண்ணைச் சீட்டில் எழுதாமல் முதலில் வாயால் சொன்னான். அவள் வராந்தாவில் இருந்தவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னாள்.

அவள் கணவன் வடிவேல் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். வழியில் பார்க்கும்போதெல்லாம் தலைத்துண்டை எடுத்துவிட்டு, "நல்லா இருக்கியாண்ணே" என்பான். இத்தனைக்கும் பலராமன் செய்தது எண்ணியது மட்டும்தான்.

ஆனி மாதத்தில்தான் அது தொடங்கியது. ரத்தம் கொடுத்து, எண்ணி முடிக்கும் வரை காத்திருந்து, ஊசி போட்டுக்கொண்டு கமலவேணி மில்லுக்குப் போக மதியம் ஆகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் அறைக்குள் வந்து கதவோரமாக நின்றாள்.

"அண்ணே, வாரா வாரம் அரை நாள் போவுது. நேத்து மேஸ்திரி கூப்புட்டு, வேற ஆளப் பாத்துக்கவான்னு கேக்குறாரு. கை நல்லா ஆன நேரத்துல வேலை போச்சுன்னா இன்னாண்ணே பண்றது?"

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ணட்டும்?"

"போன வாரம் எழுதுனதையே எழுதிக் குடுத்துடேன். ஊசிய போட்டுக்கிட்டு ஓடிடுவேன். இத்தினி மாசமா ஒரே மாதிரிதான வருது?"

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பதினேழு பேர். பலராமனுக்கு மனசு கேட்கவில்லை. மாதக் கணக்காக ஆறாயிரத்துச் சில்லறையாகவே வந்த எண் ஒரு வாரத்தில் எங்கே போய்விடப் போகிறது? சீட்டை எடுத்தான். வெள்ளணு, ஆறாயிரத்து எண்ணூறு. கையெழுத்துப் போட்டு அவளைக் கூப்பிட்டான்.

"ஒன் புண்ணியத்துல மில்லு கேட்டு மூடறதுக்குள்ள போயிடுவேண்ணே" என்று அவள் ஓடினாள். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் வந்தவள் அன்று ஓடியதைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. காசு வாங்கவில்லை, காப்பிகூட வாங்கிக் குடிக்கவில்லை. அதனால் அது தப்பு மாதிரியே தெரியவில்லை. அடுத்த வாரம் அவள் கேட்கவே இல்லை. அவள் வருவதற்கு முன்பே சீட்டு தயாராக இருந்தது. ஆறாயிரத்து அறுநூறு, ஏழாயிரம், மறுபடியும் ஆறாயிரத்து எண்ணூறு. எண்கள் ஒரே மாதிரி இருக்கக் கூடாதென்று அவனே கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொண்டான். கூட்டம் அதிகமான நாட்களில், எண்ண வேண்டியது ஒன்று குறைந்ததே என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவன் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது வாரம் சீட்டு வாங்க நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே நீலமாய் ஒரு கன்றல் தெரிந்தது.

"இது இன்னாம்மா?"

"மில்லுல பெட்டி இடிச்சிருக்கும்."

"வாய் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"சூட்டுப் புண்ணுண்ணே. ரெண்டு நாளா சோறு எறங்கல. டாக்டருகிட்ட சொல்லிடாத. ஊசிய நிறுத்திடுவாரு. மறுபடியும் அந்தக் கையோட என்னால வாழ முடியாது."

பலராமனின் கை ஊசிக்குழலை நோக்கிப் போயிற்று. அப்போது மில் சங்கு ஊதியது. அவள், "நேரமாச்சுண்ணே" என்றாள். அவன் சீட்டைக் கொடுத்துவிட்டான். உள்ளே டாக்டர் வழக்கம்போல, "வாயில புண்ணு, உடம்புல அரிப்பு, கன்றல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லி அவள் புடவைத் தலைப்பைக் கைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள். டாக்டர் சீட்டைப் பார்த்தார். எண் நன்றாக இருந்தது. ஊசி போட்டார்.

புதன்கிழமை பகலில் வடிவேல் அவளை ரிக்ஷாவில் தூக்கிக்கொண்டு வந்தான். அனலாய்க் காய்ச்சல். பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து முந்தானை நனைந்திருந்தது. பலராமன் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினான். பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு வைத்தான். அதுவும் நனைந்தது. ஊசி குத்திய துளை மூடவே இல்லை.

அன்றைக்கு அவன் எண்ணினான். நான்கு பெரிய கட்டங்களிலும் சேர்த்து நூற்று முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் பன்னிரண்டுதான் இருந்தன. கணக்குப் போட்டால் அறுநூறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான்.

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பழைய தாள்களைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை ஆறாயிரத்து எண்ணூறு இருந்திருக்கு. அஞ்சு நாள்ல இப்படி விழுமா? பலராமா, இன்னொரு தடவை பாரு."

"மூணு தடவை பாத்துட்டேன் சார்."

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை எண்ணல சார். அதுக்கு முந்தின அஞ்சு வாரமும் எண்ணல."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. பேனாவை எடுத்து அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஆறாவதை அடிக்கும்போது தாள் கிழிந்தது. "கொறைய ஆரம்பிச்ச அன்னைக்கே நிறுத்தியிருந்தா பொழைக்க வழி இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். பலராமனின் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. கொடுத்துவிட்டு வெளியே வந்தவனின் இரண்டு கைகளையும் வடிவேல் பிடித்துக்கொண்டான். "சொந்தக்காரனுங்ககூட ஓடிட்டானுங்கண்ணே. நீதாண்ணே தெய்வம்" என்று அழுதான். பலராமன் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றான்.

மூன்றாம் நாள் கமலவேணி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். உதடெல்லாம் கருத்து வெடித்திருந்தது. பேசுவது காதில் விழக் குனிய வேண்டியிருந்தது.

"அண்ணே, ஒன்ன வேலைய விட்டு எடுத்துடுவாங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"நான் கேட்டுத்தான நீ எழுதுன. எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிடாத. பெரிய கோவக்காரரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். போர்வைக்கு வெளியே கையை எடுத்து விரல்களை மெதுவாக மடக்கி, மறுபடியும் நீட்டினாள். "வலியே இல்லண்ணே. கை நல்லாத்தான் இருக்குது, பாரு."

மறுநாள் விடியற்காலையில் அவள் இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து, தர்ம ஆஸ்பத்திரியின் செயலாளர் ஆதிமூலம் பலராமனைப் பரிசோதனை நோட்டோடு தன் அறைக்குக் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்து உத்தியோகஸ்தர், வெள்ளைக் கோட்டுப் போட்டவர். ஊரே அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிடும். டாக்டரும் அங்கே இருந்தார்.

"எவ்வளவு கவனமா பாத்தாலும் இந்த ஊசி சில பேருக்கு இப்படிப் பண்றதுண்டுன்னு டாக்டரே சொல்றாரு" என்றார் ஆதிமூலம். "கேஸ் தாள்ல அடிச்சுட்டாரு, போவட்டும். ஒன் நோட்டுல ஆறு வாரத்து எண்ணும் அப்படியேதான இருக்குது? இருந்துட்டுப் போவட்டும். ஆஸ்பத்திரி பேரு கெடக் கூடாது. ஒன் வேலையும் போவக் கூடாது. புள்ளைக்குட்டிக்காரன் நீ."

டாக்டர், "எனக்கு இதுல சம்மதம் இல்லை" என்றார்.

"அவன் சொல்லட்டும்."

பலராமன் நோட்டை மேஜைமேல் விரித்தான். "ஒரு பொய்யை இரக்கப்பட்டு எழுதுனேன் முசியே. இப்ப நீங்க என்மேல இரக்கப்படுறீங்க." ஆறு வரிகளுக்கும் எதிரே, 'எண்ணாமல் எழுதியது' என்று எழுதினான். ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டான். ஆதிமூலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "அப்ப நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

வெளியே வராந்தாவில், ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காக வடிவேல் உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்திருந்தான். மடியில் சின்னப்பாப்பா. அவள் தலைமுடியைச் சிக்கோடு மொத்தமாகச் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிவிட்டிருந்தான். பலராமன் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஆனி மாதத்திலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் சொல்ல வேண்டாமென்று சொன்னதையும் சொன்னான்.

அடிப்பான் என்றுதான் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. வடிவேல் குழந்தையை இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தான். கை இரண்டு முறை முஷ்டியாகி மறுபடியும் விரிந்தது.

"அவ கேட்டான்னு குடுத்தியாண்ணே?"

"ஒத்தாசைன்னு நெனச்சேன் வடிவேலு. அவ வேலை போவக் கூடாதேன்னு."

"நீ கதிர்காமத்துலதான இருக்குற?"

"ஆமா."

"நாங்களும் அங்கதான். மூணு தெரு தள்ளி." வடிவேலின் குரல் உயரவே இல்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வூட்டு வாசல் வழியாத்தான் சைக்கிள்ள போவ. எத்தினியோ வாட்டி பாத்திருக்கேன். ஒரு நிமிஷம் எறங்கி அவ கையில ரத்தம் எடுத்துட்டுப் போயிருந்தீன்னா, காலையில வந்ததும் மொதல்ல எண்ணி வச்சிருக்கலாம். அவளும் நேரத்துக்கு மில்லுக்குப் போயிருப்பா. இன்னைக்கி உசுரோடயும் இருந்திருப்பா. மெனக்கெட்டிருந்தா அதுக்குப் பேரு ஒத்தாசைண்ணே. பாக்காமயே நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுக்குறது ஒத்தாசை இல்ல. காசு வாங்காம எழுதுனாலும் அது பொய்தான். அந்தப் பொய்யி அவளுக்கு சுளுவா இருந்துச்சு, ஒனக்கும் சுளுவா இருந்துச்சு. இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லாம போயிட்டா."

அட்டையைப் பலராமன் கையில் கொடுத்துவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வடிவேல் படி இறங்கினான். பலராமன் தரையிலிருந்து எழவில்லை. பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெண் அவன் பக்கத்தில் வந்து, "அண்ணே, எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் எழுதிக் குடுத்துடறியா? பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கேட்டாள்.

பலராமன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னையோட எனக்கு இங்க வேலை இல்லம்மா. வேற ஆளு வருவாங்க. எத்தினி நேரம் ஆனாலும் உக்காந்திரு. எண்ணிப் பாத்துச் சொல்லச் சொல்லு. எண்ணாம யாரு எழுதிக் குடுத்தாலும், எவ்வளவு அன்பா குடுத்தாலும், அந்தச் சீட்ட வாங்காத" என்றான்.