சுவரில் பள்ளம், பலகையில் மேடு

அண்ணனை அவள் பட்டறைக்குக் கூப்பிட்டது வேலையைக் காட்ட அல்ல. அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க. அம்மா கண்ணை மூடிய சூட்டோடு சூடாக வீட்டை விற்றுக் கையைக் கழுவிவிட்டார் என்று அவளுக்குத் தீராத கோபம். அன்றிலிருந்து 'அண்ணா' என்ற சொல்லே வாயில் வருவதில்லை. அண்ணியிடம் போனில் பேசும்போதுகூட "வீட்ட வித்தவரு எப்படி இருக்காரு?" என்றுதான் கேட்பாள். அண்ணி பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பாள்.

வாங்கியவர்கள் வீட்டை இடித்தார்கள். பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டியிருந்த ஒரு சுவர் மட்டும் தப்பியது. சிற்பியான அவளுக்கு அது போதாதா? தெருவில் நின்றாலே எல்லாம் தெரிந்தது: மாடிப்படி ஏறிய தடம், சமையலறைக் கரி, அம்மா படுத்திருந்த அறையின் நீலம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, சுவரில் எண்ணெய் பூசி, அதன்மேல் பிளாஸ்டரை அப்பி, இறுகியதும் பலகை பலகையாகப் பெயர்த்தெடுத்தாள். இப்படி எடுத்தால் சுவரில் பள்ளமாக இருந்தது பலகையில் மேடாக நிற்கும்.

பலகைகளைப் பட்டறையில் சேர்த்து நிறுத்தியதும், கண்காட்சிக்கென்று 'விற்ற வீடு' எனப் பெயர் எழுதி ஒட்டியும்விட்டாள். யாருக்கு உறைக்க வேண்டுமோ அவருக்கு உறைக்கட்டும்.

அண்ணன் வந்தார். பெயரைப் படித்தார். சுவிட்சுப் பெட்டி இருந்த குழி டப்பாவாகத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "நான் கோணலா வச்சது இங்கயும் கோணலாத்தான் இருக்கு" என்றார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. சிரிக்கவா கூப்பிட்டாள்?

பேச்சுக் கொடுக்காமல் மிச்ச வேலையில் இறங்கினாள். நீல அறைப் பலகையில், கட்டில் உயரத்தில், ஒரே இடத்தில் பொடிப்பொடியாக மேடுகள். இடித்தவர்களின் கடப்பாரை கொத்திய இடம் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்குச் சம்பந்தமில்லாத தழும்பு, சீவிவிட்டால் பலகை சுத்தமாகிவிடும். உளியை வைத்தாள்.

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத விட்டுடும்மா. அது அம்மா."

பேச்சு நின்றுபோன பிறகு அம்மாவுக்கு ஆளைக் கூப்பிட ஒரே வழிதான் இருந்ததாம். கட்டிலோரச் சுவரில் டம்ளரால் தட்டுவது. பகலில் யாராவது பக்கத்திலேயே இருந்ததால், எப்போதாவது வந்துபோன மகளுக்கு அது தெரிய வழியில்லை. ராத்திரியில்தான் தட்டல். கூடத்தில் படுத்திருக்கும் அண்ணன் எழுந்து ஓடுவார்.

"அப்புறம் ஏன் வித்தீங்க?" என்று கேட்டாள்.

"அம்மா போன பிறகும் தட்டுற சத்தம் நிக்கல. எழுந்து போய்ப் பார்ப்பேன், கட்டில் காலியாக் கிடக்கும். வந்து படுப்பேன், மறுபடி தட்டும். அங்க எப்படிம்மா குடியிருக்கிறது?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் எவ்வளவு சொகுசாக உட்கார்ந்து அந்தக் கோபத்தை வளர்த்திருக்கிறாள். உளியைக் கீழே வைத்துவிட்டு மேடுகளை விரலால் தடவினாள். அம்மா தட்டியதற்கெல்லாம் எழுந்து போனவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

பெயர்ச்சீட்டை உரித்துக் கசக்கினாள்.

"வேற என்ன பேரு வைக்கலாம், அண்ணா?"

அவர் அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.