மேடம் கட்டிய கயிறு

எங்கள் பேக்டரியில் மூளையுள்ள ஆம்பிளை ஒருத்தன்கூட இல்லை என்று சொன்னால் எனக்கு வாய்க்கொழுப்பு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாச்சாரம் பக்கத்தில் இருந்த அந்த கவர்ன்மென்ட் கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்து, நசுங்கினது, கிழிந்தது, வெந்தது எல்லாவற்றையும் கழுவிக் கட்டியவள் நான். வருகிறவன் ஒவ்வொருவனும் ஒரே பாட்டைத்தான் பாடுவான். "ஒரு செகண்ட் அசந்துட்டேன் சிஸ்டர்." ஒரு செகண்டாம்! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அசந்துதானே கிடக்கிறான்கள்.

அந்தக் கும்பலில் ஒருவர் என் வீட்டுக்காரர் ஜம்புநாதன். தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். வலது கையால் தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டுக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து பெரிய இரும்புக் கட்டை இறங்கி வெட்டும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்று முன்னால் ஒரு கம்பிக் கதவு வைத்திருந்தார்கள். கதவை மூடினால்தான் ஓரத்திலிருக்கும் சின்ன ஸ்விட்ச் அமுங்கும். அது அமுங்கினால்தான் கட்டை இறங்கும். பால்வாடிப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு ஜெனரல் மேனேஜர் சம்சாரத்தோடு வந்திருந்தார். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்களே, அதேபோல் பிரஸ்ஸுக்கும் செய்தால் என்ன என்று போர்மேன் உமாசங்கருக்கு உதித்தது. கதவை மூடினால் பழம் நசுங்குவது மேடம் கண்ணுக்குத் தெரியாதே! அதனால் கதவைத் திறந்து வைத்தார். ஸ்விட்ச்சை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பூஜைத் தட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை மேடத்திடம் நீட்டி, அதன்மேல் இறுக்கிக் கட்டச் சொன்னார். மேடம் கட்டினார். என் வீட்டுக்காரர் பெடலை மிதித்தார். பழம் கூழாகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மாலையெல்லாம் வாடிக் குப்பைக்குப் போனது. கயிறு போகவில்லை. மேடம் கையால் கட்டியதை எவன் அவிழ்ப்பான்? அதோடு, கதவை மூடித் திறக்கிற வேலை இல்லாமல் தகடு மளமளவென்று வந்து விழுந்தது. உமாசங்கருக்கு வாயெல்லாம் பல். பிரஸ் ஷாப்பே சாமி அருள் என்றது.

மல்காஜ்கிரி வீட்டில் சோறு போடும்போது கேட்டேன். "அந்தக் கயித்த அவுத்துப் போட்டா இன்னா?"

"நான் இன்னா நேத்து வந்தவனாடி? அது என் பேச்சக் கேக்கும். நான் மிதிக்காம எறங்குமா?"

"கை உள்ள இருக்கறப்ப மிதிச்சிட்டா?"

"எனக்குத் தெரியாம என் காலு மிதிச்சிடுமா? போடி இவளே!"

சிரித்துக்கொண்டே வலது கையால் சோற்றைப் பிசைந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான கை. பயமாக இருந்தது எனக்கு, சும்மா சொல்லவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோலோடு பிரஸ் ஷாப்புக்குப் போனேன். "நக்கோ சிஸ்டர், நக்கோ!" என்று யாரோ கத்தினார்கள். வேண்டாமாம்! வெட்டிவிட்டேன். உமாசங்கர் ஓடி வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க சிஸ்டர்! மேடம் கட்டினது. பூஜைக் கயிறு."

"கை போனா ஒட்டவைக்க மேடம் வருவாங்களா சார்?"

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கதவை மூடினால்தான் பிரஸ் ஓடியது. தகடு குறைந்தது. எல்லாரும் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். கொட்டட்டுமே, கை இருக்கிறதல்லவா என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் முதலுதவி அறைக்கு வந்தார். "விரல்ல ஒரு கீறல் வல்லி. கொஞ்சம் கட்டுத்துணி குடு."

"காட்டுங்க, நான் கட்டறேன்."

"நானே கட்டிக்கறேன். வேல கெடக்குது."

ஒரு கீறலுக்குக்கூடப் பயப்படுகிற அளவுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். நீளமாகவே வெட்டிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

"தகடு சிக்கிக்கிச்சி வல்லி. எடுக்கக் கைய வுட்டேன். காலு எப்ப மிதிச்சிதுன்னே தெரியல."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் சட்டையை எடுக்க பிரஸ்ஸுக்கு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. ஸ்விட்ச்சின் மேல் நான் வெட்டிக் கொடுத்த கட்டுத்துணி, மஞ்சள் தடவி, இறுக்கிக் கட்டியிருந்தது. சாமிக்கும் ஆச்சு, தகட்டுக்கும் ஆச்சு. என்ன சாமர்த்தியம்! பக்கத்தில் உமாசங்கர் நின்றிருந்தார்.

"அன்னிக்கு நீங்க அந்தக் கயித்தை வெட்டாம இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது சிஸ்டர்" என்றார். சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆமாம் என்று ஆடின.

அவர்களை விடுங்கள். ஆஸ்பத்திரியில் நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். "போர்மேன் சொல்றதும் சரிதான் வல்லி. நீ வெட்டியிருக்கக் கூடாது." கையிலிருந்த உருண்டையை அவர் மூஞ்சியிலேயே அப்பத் தோன்றியது. அப்பவில்லை. வாயில்தான் வைத்தேன், அழுதுகொண்டே.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அவரை ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். பிரஸ்ஸில் தேவராஜ் என்று புது ஆபரேட்டர், அப்போதுதான் கல்யாணமானவன். கம்பிக் கதவு திறந்திருந்தது. எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. போன வருஷத்துத் தோஷம் கழியட்டும் என்று, உமாசங்கர் மஞ்சள் கயிற்றை என் வீட்டுக்காரரிடமே மரியாதையாகக் கொடுத்தார். அவரும் பூரித்துப்போய் வாங்கினார். ஸ்விட்ச்சின் மேல் சுற்றினார். முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினார், நழுவியது.

"வல்லி, இங்க வா. முடிச்ச மட்டும் நீ போட்டுடு."

நான் கயிற்றைத் தொடவில்லை. பெடல் பக்கத்தில் நின்ற தேவராஜைப் பார்த்தேன்.

"தம்பி, சோறு பெசையறது எந்தக் கையில?"

"வலது கைதான் சிஸ்டர். ஏன்?"

"ஊட்டிவிட உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவராஜ் வெட்கப்பட்டுச் சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு. உமாசங்கர் முடிச்சைத் தானே போட்டு, இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

நான் என் அறைக்குத் திரும்பிப் போய்க் கட்டுத்துணியை வெட்டிவைக்க ஆரம்பித்தேன்.