அறுப்புப் பண்டிகையில் ஒரு மூட்டை நெல்

வேதநாயகம் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான்: வழக்கம்போல மோட்டா நெல் போட்டார். "இந்த வருஷமாவது சன்ன ரகம் போடுங்களேன்" என்று மனைவி அருள்மேரி சொல்லிப் பார்த்தாள். "கவர்மெண்டு எடுத்துக்கும்டி, எனக்குத் தெரியாதா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

பூம்புகார் சாலையில் இருந்த அரசுக் கொள்முதல் நிலையம் அத்தனை காலமும் மோட்டாவை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டதுதான். இந்த அறுவடைக்கு அது திறக்கவே இல்லை. இனிமேல் சந்தை விலை, கம்பெனி வந்து வாங்கும் என்றார்கள். வந்தது. ஏஜெண்ட் ராம்கி காரிலிருந்து இறங்கி, ஒரு பிடி அள்ளிப் பார்த்து, கையை உதறினான்.

"சன்னம்னா அரிசிக்குப் போகும் சார். இது கோழித் தீவனத்துக்குத்தான். அந்த ரேட்டுக்குச் சரின்னா இப்பவே ஏத்திக்கிறேன்."

வானம் வேறு மூட்டம் போட்டிருந்தது. களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு எத்தனை நாள் காப்பது? கொடுத்துவிட்டார். தூற்றிச் சுத்தம் செய்த ஒரு மூட்டையை மட்டும் ஆண்டவருக்கென்று நிறுத்திக்கொண்டார்.

அறுவடை முடிந்து சர்ச்சில் கொண்டாடும் அறுப்புப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். அடுத்தவர் காணிக்கையைக் குறைத்துக் கேட்கிற வழக்கம் அந்தச் சபையில் கிடையாது. ஒரு பூசணிக்காயை வீம்புக்கு ஏற்றிவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள்தான் எல்லாரும்.

ஏலம் விட்டவன் வேதநாயகத்தின் தம்பி மகன் ஜெரால்ட். "பெரியப்பா வீட்டு நெல்லு, ஒரு மூட்டை! கேளுங்க!"

ஒருவரும் விலை கேட்கவில்லை. பகை ஒன்றுமில்லை. எல்லார் வீட்டிலும் அதே மோட்டா, அதே நஷ்டம். ஜெரால்ட் விலையை இறக்கினான். மறுபடி இறக்கினான். ராம்கி சொன்ன விலைக்கே வந்துவிடுவான் போலிருந்தது. வேதநாயகத்துக்குத் தலை நிமிரவில்லை. கோயிலுக்குள்ளும் இது கோழித் தீவனம்தானா?

பெண்கள் பக்கத்தில் அருள்மேரி எழுந்தாள்.

"நான் எடுத்துக்கிறேன்."

"உங்க நெல்லையேவா? என்ன விலைக்குப் பெரியம்மா?"

"கவர்மெண்டு போன வருஷம் குடுத்த விலைக்கு. மனுசங்க திங்கிற நெல்லு தம்பி இது."

ராம்கி கொடுத்த பணத்திலிருந்தே எடுத்துக் காணிக்கைத் தட்டில் வைத்தாள்.

கொண்டுபோன மூட்டையை அதே வழியில் திரும்பச் சுமந்து வந்தார் வேதநாயகம். வீட்டு வாசலுக்கு வந்து, எங்கே இறக்குவதென்று தெரியாமல் நின்றார்.

"அடுப்படியில இறக்குங்க" என்றாள் அருள்மேரி.

இறக்கினார். அதன்மேலேயே கவிழ்ந்து, வாய்விட்டு அழுதார்.